எத்தனை பேரில் எத்தனை பேர்? நாட்பட்ட நோய்க் கணக்குகளை வாசிக்கும் முறை

"யாழ்ப்பாணத்தில் இப்போது வீட்டுக்கு வீடு சீனி வருத்தம்." கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் ஒரே தொனியில் சொல்லப்படும் வசனம் இது. பந்தியில் பாயாசம் வரும்போது வேண்டாம் என்று கையை மறிப்பவர்களைப் பார்த்தால் உண்மை போலத்தான் தோன்றும். பக்கத்தில் இருப்பவர் தண்ணீரைக் குற்றம் சொல்வார். போடுகிற பசளை எல்லாம் கிணற்றுக்குள்தான் இறங்குகிறது என்பார். எதிரே இருப்பவரோ, தன்னுடைய அம்மப்பா நாள் முழுவதும் சுருட்டுக் குடித்தும் தொண்ணூறு வயதைத் தாண்டினார் என்று எல்லோருடைய வாயையும் அடைத்துவிடுவார்.

மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேச்சும் மூன்று வகை. முதலாவது, நோய் எவ்வளவு இருக்கிறது என்பது. இரண்டாவது, அது ஏன் வந்தது என்பது. மூன்றாவது, ஓர் ஆளுக்கு நடந்ததை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்வது. இவற்றைப் பிரித்துச் சோதிக்கும் அறிவியலுக்குப் பெயர் நோய்ப்பரவலியல். யாருக்கு, எங்கே, எந்தக் காலத்தில், எதனால் நோய் கூடுகிறது என்று ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் வைத்துக் கேட்கும் துறை இது.

நாட்பட்ட நோய்கள் என்று நான் இங்கே சொல்வது நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இதய நோய், பாரிசவாதம், புற்றுநோய் போன்றவற்றை. வைத்தியசாலைச் சுவரொட்டிகளில் தொற்றா நோய்கள் என்று இருப்பவை பெரும்பாலும் இவைதான். இலங்கையில் நிகழும் மரணங்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானவை இவ்வகை நோய்களால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. வாந்திபேதியைப் போல ஒரே வாரத்தில் ஊரை வீழ்த்தாமல், பத்து இருபது வருடம் சத்தமில்லாமல் உடலுக்குள் வளர்பவை. ஆகவே அவற்றை எண்ணுவதே ஒரு பெரிய வேலை.

வரிசையில் நிற்பவர்கள் மட்டும் ஊர் ஆகிவிடுவதில்லை

கிளினிக் நாளில் எந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாலும், விடியற்காலையிலேயே கொப்பிகளை அடுக்கிவிட்டு வாங்குகளில் காத்திருக்கும் கூட்டத்தைக் காணலாம். அந்தக் கூட்டத்தைக் கண்டு மலைத்துப்போய்த்தான் பலர் "நோய் பெருத்துவிட்டது" என்கிறார்கள். ஆனால் அங்கே கிடைப்பது பின்னத்தின் மேல் பாதி மட்டும். பள்ளிக்கூடத்தில் தொகுதியெண் என்று படித்தோமே, அது. கீழே எழுதவேண்டிய பகுதியெண், அதாவது எத்தனை பேருக்குள் இத்தனை பேர் என்ற கணக்கு, அந்த வாங்கில் உட்கார்ந்திருக்காது.

தெல்லிப்பழையை எடுத்துக்கொள்வோம். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் குறுக்கே நடந்து நிதி சேர்த்தார்கள். அதைக் கொண்டு 2013 இல் அங்கே புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் வடக்கு நோயாளர் பலர் கொழும்புக்கு அருகே மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலைந்தார்கள். அலைய வசதி இல்லாதவர்கள் வீட்டிலேயே கிடந்து, என்ன நோய் என்று பெயர் கூட வைக்கப்படாமல் இறந்தார்கள். பக்கத்தில் வைத்தியசாலை வந்ததும் அவர்களைப் போன்றவர்களும் பதிவேட்டில் ஏறுகிறார்கள். பதிவேடு தடித்துக்கொண்டு போவது நோய் கூடியதாலும் இருக்கலாம், கண்டுபிடிப்பது கூடியதாலும் இருக்கலாம். புற்றுநோய் கூடவில்லை என்று நான் வாதாட வரவில்லை. அந்தப் பதிவேட்டை மட்டும் சாட்சிக்கு அழைத்தால் வழக்கு நிற்காது என்கிறேன்.

காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினால்

அப்படியானால் சரியாக எண்ணுவது எப்படி? ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் இரத்தம் எடுக்க முடியாது. ஆகவே மாதிரி எடுக்கிறார்கள். மாதிரி என்பது, முழுச் சனத்தொகைக்கும் பதிலாக நிற்கத்தக்க சிறு கூட்டம். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. அவற்றில் சிலவற்றைச் சீட்டுக் குலுக்குவது போல எழுமாற்றாகத் தெரிந்து, அந்தப் பிரிவுகளுக்குள் வீடுகளையும், வீட்டுக்குள் ஓர் ஆளையும் அதே முறையில் தெரிவார்கள். யாருடைய விருப்பமும் தெரிவில் நுழையக்கூடாது. வசதியான வீடு, தெரிந்த வீடு, நாய் இல்லாத வீடு என்று போகத் தொடங்கினால் மாதிரி கெட்டுவிடும்.

சொல்ல இலகு; செய்வது வேறு. வெறும் வயிற்றுச் சீனி அளக்க எட்டு மணித்தியாலமாவது எதுவும் சாப்பிட்டிருக்கக்கூடாது. காலை ஏழு மணிக்குப் போனால் அம்மா பால்தேநீர் குடித்து முடித்திருப்பார். கேட்டால் "தேநீர் மட்டும்தான், சாப்பிடவில்லை" என்பார். அதில் இரண்டு கரண்டி சீனி இருக்கும். அன்றைய இரத்தம் பயன்படாது, நாளைக்கு மறுபடி வரவேண்டும். தோட்டத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவரின் கையில் உடனே பட்டியைச் சுற்றினால் அமுக்கம் ஏறித்தான் காட்டும். சில நிமிடம் பேசாமல் உட்காரவைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்பு முறையில் மூன்று தடவை அளந்து, முதலாவதைத் தள்ளிவிட்டு, மற்ற இரண்டின் சராசரியைத்தான் எடுப்பார்கள். பகலில் போனால் வேலைக்குப் போன ஆண்கள் வீட்டில் இல்லை. பெண்களும் வயதானவர்களும்தான் கிடைப்பார்கள். அப்படிக் கிடைத்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊர்க் கணக்கு என்று எழுதினால், அதைத் தெரிவுச் சாய்வு என்பார்கள். அளந்தவர் கையில் பிழை இல்லாதபோதும் அளக்கப்பட்டவர்கள் ஊரைப் போல இல்லாததால் வரும் பிழை அது.

நம்மவர்கள் மறக்கக்கூடாத ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2005, 2006 காலத்தில் இலங்கையில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வொன்றில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. கிளினிக் வரிசையை மட்டும் எண்ணுவது ஏன் போதாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. "இலங்கையில் பத்தில் ஒருவருக்கு" என்று பல காலம் மேற்கோள் காட்டப்பட்ட எண்ணில் யாழ்ப்பாணம் இல்லவே இல்லை. பின்னர், 2018, 2019 காலத்தில் நடந்த நாடளாவிய ஆய்வொன்று வளர்ந்தோரில் சுமார் 23 சதவீதம் என்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்து "இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது" என்று எழுதுவதற்கு முன்னர், எங்கே, யாரை, எந்த வயதில், எந்தப் பரிசோதனையால் என்ற நான்கையும் பார்க்கவேண்டும். நோய் கூடியது உண்மை. எத்தனை மடங்கு என்பதில்தான் அவசரம் கூடாது.

இதுவரை: ஓர் எண் வந்தால் அதன் பகுதியெண் எது என்று கேட்க வேண்டும். அந்த மாதிரியில் யார் இருந்தார்கள், யார் விடுபட்டார்கள் என்றும் கேட்க வேண்டும்.

பஸ்ஸில் இருப்பவர்களும் பஸ்ஸில் ஏறுபவர்களும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்வேலியில் வைத்து எட்டிப் பார்த்து, உள்ளே எத்தனை பேர் என்று எண்ணினால் அது பரவல் வீதம்: ஒரு நேரத்தில் நோயோடு இருப்பவர்களின் பங்கு. தரிப்பிடத்தில் புதிதாக எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணினால் அது நிகழ்வு வீதம்: ஒரு காலப்பகுதிக்குள் புதிதாக நோய் பிடித்தவர்களின் பங்கு. பஸ் நிரம்பி வழிவதற்கு இரண்டு வழி உண்டு. நிறையப் பேர் ஏறலாம். அல்லது ஏறியவர்கள் இறங்காமல் இருக்கலாம்.

காய்ச்சல் வந்தவர் கோப்பாயில் ஏறி நீர்வேலியில் இறங்கிவிடுகிறார். நீரிழிவு அப்படியல்ல, ஏறியவர் அநேகமாகக் கடைசி வரை இறங்குவதில்லை. இன்சுலினும் மாத்திரையும் ஒழுங்காகக் கிடைத்தால் அவர் முன்னைவிடப் பத்துப் பதினைந்து வருடம் கூடுதலாக வாழலாம். அந்தப் பத்துப் பதினைந்து வருடமும் அவர் பஸ்ஸில்தான். ஆகவே வைத்தியம் நன்றாக நடந்தால் பரவல் வீதம் ஏறும்! புதிதாக ஏறுவோர் குறைந்தால்கூட நெரிசல் சில காலம் கூடிக்கொண்டே போகலாம். "இவ்வளவு மருந்து கொடுத்தும் சீனிக்காரர் கூடிக்கொண்டு போகிறார்களே" என்று சலித்துக்கொள்பவர்கள் உள்ளே இருப்பவர்களைப் பார்த்துவிட்டு வாசற்படியைப் பற்றிப் பேசுகிறார்கள். தடுப்பு வேலை பலிக்கிறதா என்று அறிய நிகழ்வு வீதம் வேண்டும். எத்தனை மாத்திரை, எத்தனை தாதியர் தேவை என்று திட்டமிடப் பரவல் வீதம் வேண்டும்.

இளையவர்கள் போய்விட்ட ஊர்

யாழ்ப்பாணத்துக் கணக்கில் எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் 1981 குடிசன மதிப்பீட்டில் சுமார் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012 இல் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம். இலங்கையின் சனத்தொகை இந்த இடைவெளியில் பெருகியது, இங்கே சுருங்கியது. போனவர்களில் பெரும்பங்கு இளையவர்கள். ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்ப, வீட்டில் பெற்றோர் மட்டும் இருக்கும் ஒழுங்கைகள் நம் ஊர்களில் எத்தனை! நாட்பட்ட நோய்களோ வயதோடு வருபவை.

கணக்குக்காக இரண்டு ஊர்களை வைத்துக்கொள்வோம். இரண்டிலும் வளர்ந்தோர் 1,000 பேர். இரண்டிலும் 60 வயதுக்குக் கீழே 10 சதவீதத்தினருக்கும், 60க்கு மேலே 30 சதவீதத்தினருக்கும் நீரிழிவு. முதல் ஊரில் முதியவர்கள் 600, மற்றவர்கள் 400. அங்கே நோயாளர் 180 உடன் 40, மொத்தம் 220. இரண்டாம் ஊரில் முதியவர்கள் 200, மற்றவர்கள் 800. அங்கே 60 உடன் 80, மொத்தம் 140. ஒன்றில் 22 சதவீதம், மற்றதில் 14 சதவீதம். பத்திரிகைக்காரர் கையில் கிடைத்தால் முதல் ஊரின் தண்ணீரைப் பற்றித் தலைப்புப் போட்டுவிடுவார். உண்மையில் ஒரே வயதுக்காரர்களை ஒப்பிட்டால் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் எள்ளளவும் இல்லை.

இந்த மாயத்தை நீக்க ஆய்வாளர்கள் செய்யும் கணிதத்துக்கு வயதுத் தரப்படுத்தல் என்று பெயர். இரண்டு ஊரிலும் வயதுப் பங்கீடு ஒரே மாதிரி இருந்திருந்தால் வீதம் எவ்வளவாக இருந்திருக்கும் என்று கணித்துக் காட்டுவார்கள். அப்படித் தரப்படுத்தாத எண்ணை வைத்து யாழ்ப்பாணத்தையும் கம்பஹாவையும், அல்லது 1980களின் யாழ்ப்பாணத்தையும் இன்றைய யாழ்ப்பாணத்தையும் ஒப்பிடும் எந்தக் கட்டுரையையும் நான் பாதியிலேயே மூடிவிடுவேன். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. வைத்தியசாலை நடத்துபவருக்குத் தரப்படுத்திய எண் உதவாது. அவர் முன்னால் நிற்பது அந்த 220 பேர்தான்.

கோடு நகர்ந்தால்

உயர் குருதி அமுக்கம் என்பது எங்கே தொடங்குகிறது? உடலில் அப்படி ஒரு கோடு இல்லை. நிபுணர்கள் கூடி வரைந்த கோடு அது. நெடுங்காலம் 140க்கு 90 என்று இருந்ததை 2017 இல் அமெரிக்க வைத்தியச் சங்கங்கள் 130க்கு 80 என்று இறக்கின. அந்நாட்டு வளர்ந்தோரில் சுமார் 32 சதவீதமாக இருந்த உயர் அமுக்கக்காரர் ஒரே நாளில் சுமார் 46 சதவீதம் ஆனார்கள். ஒருவருடைய அமுக்கமும் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. நீரிழிவுக்கும் அப்படித்தான்: வெறும் வயிற்றில் ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் சீனி என்பது ஒரு வாசல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.5 சதவீதம் இன்னொரு வாசல். இரண்டும் எப்போதும் ஒரே ஆட்களைப் பிடிப்பதில்லை.

குரக்கன் புட்டும் கிணற்றுத் தண்ணீரும்

எவ்வளவு என்பதிலிருந்து ஏன் என்பதற்கு வருவோம். பேச்சு அதிகம் வழுக்கும் இடம் இது.

ஒரு நாள் கணக்கெடுப்பில், இரவில் குரக்கன் புட்டுச் சாப்பிடுபவர்களிடம் நீரிழிவு அதிகம் என்று முடிவு வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். குரக்கன் நீரிழிவைத் தருமா? எங்கள் வீடுகளில் குரக்கன் மா எப்போது வருகிறது என்பதை யோசித்தால் விடை கிடைத்துவிடும். கிளினிக்கில் சீனி என்று சொன்ன மறுநாள் வருகிறது. நோய் முன்னே வந்தது, குரக்கன் பின்னே வந்தது. ஒரே நாளில் உணவையும் நோயையும் சேர்த்துக் கேட்கும் ஆய்வுக்கு எது முந்தி, எது பிந்தி என்று தெரியாது. இதைத் தலைகீழ்க் காரணம் என்பார்கள்.

கிணற்றுத் தண்ணீர் இன்னும் சிக்கலானது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே போடும் பசளை கீழே இறங்குவதும், வலிகாமத்தின் பல தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுவதும் ஆய்வுகளில் தெரிந்த விடயம். கவலைப்படவேண்டிய விடயமும்கூட. ஆனால் அங்கிருந்து "ஆகவே புற்றுநோய்" என்று தாவ முடியாது. வெங்காயத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் அந்தக் கிணற்றைக் குடிக்கும் கமக்காரர் வேறு என்னென்ன செய்கிறார்? மருந்து தெளிக்கிறார். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் போடுகிறார். புகையிலை சேராத வெறும் பாக்குக்கூட மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. தண்ணீரோடும் ஒட்டிக்கொண்டு, நோயோடும் ஒட்டிக்கொண்டு, நம் கண்ணை மறைக்கும் இப்படியான மூன்றாவது விடயத்துக்குக் குழப்பக் காரணி என்று பெயர். வெற்றிலை போடாதவர்களுக்குள் மட்டும், அதிக நைத்திரேற்றுக் கிணறு குடிப்பவரையும் மற்றவரையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரும் வித்தியாசம் மிஞ்சுமானால், அப்போதுதான் தண்ணீரைக் கூண்டில் ஏற்றலாம்.

அம்மப்பாவின் சுருட்டு

எது முந்தி என்று அறிய வேண்டுமானால் நோய் வருமுன்னரே ஆட்களைச் சேர்த்து, வருடக்கணக்கில் பின்னாலேயே போகவேண்டும். இது பின்தொடர் ஆய்வு. 1948 இல் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் என்ற சிறு நகரத்தில் 30 முதல் 62 வயது வரையான 5,209 பேரை வைத்துத் தொடங்கிய இதய ஆய்வு அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வரை வந்துவிட்டது. வயது போனால் அமுக்கம் ஏறுவது இயல்புதான் என்று வைத்தியர்களே நம்பிய காலத்தில், ஏறிய அமுக்கமும் கொழுப்பும் புகைப்பழக்கமும் மாரடைப்புக்கு முன்னோடிகள் என்று காட்டியது அதுதான். ஆபத்துக் காரணி என்ற சொல் பரவியதும் அங்கிருந்தே: இருந்தால் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவது, ஆனால் நோயை உறுதி செய்யாதது.

பிரித்தானியாவில் ரிச்சர்ட் டோல், பிரட்போர்ட் ஹில் என்ற இருவர் 1951 இல் அந்நாட்டு வைத்தியர்களுக்கே கடிதம் எழுதி, புகைப்பீர்களா என்று கேட்டார்கள். வைத்தியர்களைத் தெரிந்தெடுத்தது நல்ல தந்திரம். பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பதால் எவர் எப்போது இறந்தாலும் தேடிப் பிடிக்கலாம். சுமார் 34 ஆயிரம் ஆண் வைத்தியர்களை 50 வருடம் பின்தொடர்ந்த முடிவு: விடாமல் சிகரெட் பிடித்தவர்கள், பிடிக்காதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 10 வருடம் முந்தி இறந்தார்கள். 60 வயதில் விட்டவருக்குக்கூட ஏறக்குறைய 3 வருடம் திரும்பக் கிடைத்தது.

சராசரி என்ற சொல்லுக்குள் அம்மப்பாவுக்கு இடம் உண்டு. எல்லோரும் பத்து வருடம் முந்திப் போவதில்லை; சிலர் முப்பது வருடம் முந்திப் போகிறார்கள், சிலர் தொண்ணூறைத் தாண்டுகிறார்கள். தாண்டியவர்தான் திண்ணையில் உட்கார்ந்து சுருட்டோடு கதை சொல்வார். அவரோடு புகையிலைத் தோட்டத்தில் நின்று, ஐம்பதில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் வந்து எதிர்க்கதை சொல்லப்போவதில்லை.

இதுவரை: சேர்ந்து காணப்படுவது காரணம் ஆகாது. முந்தியது எது, மறைந்து நிற்பது எது என்ற இரண்டும் தெரிய வேண்டும். காரணம் உறுதியான பிறகும் அது கூட்டத்துக்குரிய வாய்ப்பு. ஒருவருடைய முடிவை அது எழுதிவிடாது.

இரண்டு மடங்கு, எதில்?

2015 இல், நாளுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்று செய்தி வந்தபோது, சொசேஜ் சாப்பிடும் நூறு பேரில் 18 பேருக்குப் புற்றுநோய் என்று விளங்கிக்கொண்டவர்கள் ஏராளம். அது ஒப்பீட்டு ஆபத்து; இருந்ததற்கு மேல் எத்தனை பங்கு கூடுகிறது என்பது. இருந்தது எவ்வளவு என்பது முழு ஆபத்து. வாழ்நாளில் 1,000 பேரில் 50 பேருக்கு அந்த நோய் வரும் சமூகம் என்று வைத்தால், தினமும் சாப்பிடும் 1,000 பேரில் 59 பேருக்கு வரும். பயமுறுத்த விரும்புகிறவர் 18 சதவீதம் என்பார். ஆறுதல் சொல்ல விரும்புகிறவர் ஆயிரத்துக்கு 9 என்பார். இரண்டும் ஒரே கணக்கு.

ஒஸ்லோவிலிருந்து ஒரு செய்தி

மரபா, வாழ்க்கை முறையா என்ற பழைய சண்டைக்குப் புலம்பெயர்ந்தோர் ஆய்வுகள் நல்ல சாட்சி. 2002 அளவில் ஒஸ்லோவில் துருக்கி, ஈரான், பாகிஸ்தான், வியட்நாம், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் உடல்நலத்தை ஆய்ந்தார்கள். அங்குள்ள இலங்கையரில் பெரும்பாலோர் தமிழர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைச் சுட்டெண் ஒரே அளவாக இருந்தவர்களை ஒப்பிட்டபோதும், இலங்கையருக்கும் பாகிஸ்தானியருக்கும் கொழுப்பு இடுப்பைச் சுற்றியே கூடுதலாகச் சேர்ந்திருந்தது. ஆசியருக்கு எடை எச்சரிக்கையை அந்தச் சுட்டெண் 25 இலிருந்து தொடங்காமல் 23 இலிருந்தே தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னதற்குப் பின்னால் இதுபோன்ற தரவுகள்தான் இருந்தன. "நான் மெலிவுதானே" என்று வயிற்றை மட்டும் மறைத்துக்கொண்டு சொல்லும் நம் ஆண்களை அந்த எண் நன்றாக அறிந்திருக்கிறது.

போத்தலில் இருக்கும் நிறப்புள்ளி

ஜெப்ரி ரோஸ் என்ற பிரித்தானிய நோய்ப்பரவலியலாளர் 1985 இல் எழுதிய ஒரு கருத்து இத்துறையையே திருப்பிவிட்டது. மிக உயர்ந்த ஆபத்தில் இருப்பவர்கள் சிலர். நடுத்தர ஆபத்தில் இருப்பவர்கள் பலர். ஆகவே நோயாளரில் பெரும்பாலோர் அந்தப் பலருக்குள்ளிருந்துதான் வருகிறார்கள். அமுக்கம் 180 உள்ளவரைத் தேடிப் பிடித்து மருந்து கொடுப்பது கட்டாயம் செய்யவேண்டியது. ஆனால் 135 இல் நிற்கும் பெருங்கூட்டத்தை இரண்டு மூன்று புள்ளி இறக்கினால் தவிர்க்கப்படும் பாரிசவாதங்கள் அதைவிட அதிகமாக இருக்கலாம். அந்தக் கூட்டத்தில் எவருக்கும் தனக்கு நன்மை நடந்ததாகத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனி அளவுக்கேற்ப நிறக்குறி போடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. கடையில் அதைக் காண்பவர்கள் சீனி வருத்தக்காரருக்கான எச்சரிக்கை என்று நினைக்கிறார்கள். அவருக்கு ஏற்கனவே கிளினிக்கில் சொல்லியாயிற்று. அந்தப் புள்ளி, இன்னும் பஸ்ஸில் ஏறாமல் பக்கத்தில் நின்று சோடாவைத் திறந்துகொண்டிருக்கும் அவருடைய மகனுக்கு வைத்தது.